டி.எஸ்.எல்.ஆரா, காம்பாக்டா? கல்வெட்டும் ஆண்டு விழாவும் படமெடுக்கும் ஆசிரியைக்கு ஒரு பதில்

கேள்வி: கும்பகோணத்துக்கு அருகில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். எங்கள் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்களுடன் சேர்ந்து, சுற்றுவட்டாரக் கோயில்களின் கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் படமெடுத்துத் தொகுத்து வருகிறேன். இதுவரை கைபேசியில்தான் எடுத்தோம். பள்ளியின் விளையாட்டு விழாவையும் ஆண்டு விழாவையும் படமெடுக்கும் பொறுப்பும் என்னிடமே இருக்கிறது. கேமராவுக்காக 45,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் இரண்டு லென்ஸுகள் கொண்ட டி.எஸ்.எல்.ஆர். காம்போவைக் காட்டி, கூடுதலாகும் தொகையைத் தவணையில் கட்டலாம் என்கிறார். என் தம்பியோ, தினமும் பேருந்தில் போய் வருகிற உனக்கு 40 மடங்கு ஜூம் உள்ள சின்ன கேமராவே போதும் என்கிறான். எனக்கு கேமராவின் நுட்பம் தெரியாது. எதை வாங்கலாம்?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். கேமராவை வைத்து என்னென்ன எடுக்கப் போகிறீர்கள், எப்படிச் சுமந்து செல்வீர்கள், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற மூன்றையும் உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல முடிகிறது. தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை, அதாவது உள்ளே கண்ணாடி கொண்ட, லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய பெரிய கேமரா ஒன்றை, கைநடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி உள்ள 18–55 மி.மீ. லென்ஸோடு மட்டும் வாங்குங்கள். இரண்டாவது லென்ஸாக, காம்போவில் வரும் நீண்ட ஜூமுக்குப் பதிலாக, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். (மி.மீ. எண் கூடினால் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்; எஃப் எண் குறைந்தால் லென்ஸ் கூடுதல் ஒளியை உள்ளே விடும்.) அதோடு கேமராவை ஏற்றி வைக்க, ஆடாமல் நிற்கும் ட்ரைபாட் ஒன்றும் நல்ல டார்ச் ஒன்றும் வேண்டும். தவணை வேண்டாம். தம்பி சொல்லும் சின்ன, காம்பாக்ட் வகைக் கேமரா உங்கள் வேலைக்குப் பொருந்தாது. ஆனால் அவர் சொல்லும் காரணம் நியாயமானது என்பதால் அதையும் விளக்கமாகப் பேசியாக வேண்டும்.

கல்வெட்டிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மனம் அதில்தான் இருக்கிறது என்று கடிதம் காட்டுகிறது. ஆனால் நீங்கள் எடுக்கும் படங்களிலேயே கேமராவின் தரத்தை மிகக் குறைவாக நம்பியிருப்பதும் கல்வெட்டுதான். கல்வெட்டு நகர்வதில்லை, அவசரப்படுத்துவதில்லை, அதற்குத் தேவையானது சரியான கோணத்தில் விழும் வெளிச்சம். எழுத்தின் வெட்டு பெரும்பாலும் சில மில்லிமீட்டர் ஆழமே இருக்கும், தேய்ந்த இடங்களில் அதுவும் இருக்காது. நேர் எதிரிலிருந்து ஒளி விழும்போது வெட்டிய பள்ளமும் வெட்டாத பரப்பும் ஒரே அளவு வெளிச்சத்தைப் பெறுவதால், கண்ணுக்குத் தெரிந்த எழுத்துகூடப் படத்தில் காணாமல் போய்விடும். கேமராவிலேயே பொருத்தப்பட்டிருக்கும் ஃபிளாஷ் செய்வது இதைத்தான். கல்வெட்டு எடுக்கும்போது அதை அணைத்தே வைத்திருங்கள். அதே சுவரில் ஒளி பக்கவாட்டிலிருந்து, கல்லை உரசிக்கொண்டு போவதுபோல விழுந்தால், ஒவ்வொரு வெட்டின் ஒரு கரையில் நிழலும் மறு கரையில் வெளிச்சமும் தங்கி, எழுத்து எழும்பி நிற்கும்.

வெளிச்சுவர்க் கல்வெட்டுகளுக்கு, சூரியன் அந்தச் சுவரைச் சாய்வாகத் தொடும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். கிழக்கு நோக்கிய சுவருக்கு நண்பகலை ஒட்டி ஒரு நேரம் வாய்க்கும். தெற்குச் சுவருக்குக் காலையிலும் மாலையிலும் வாய்க்கலாம். உள்ளே இருக்கும் கல்வெட்டுகளுக்கு டார்ச் வேண்டும். ட்ரைபாடில் கேமராவைச் சுவருக்கு நேர் இணையாக நிறுத்துங்கள், ஐ.எஸ்.ஓ. எனும் ஒளி உணர்திறனை 100 என்றும், அபெர்ச்சர் எனும் லென்ஸின் திறப்பை எஃப் 8 என்றும் வையுங்கள். ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டர் ஒரு விநாடி திறந்திருந்தாலும் கவலை இல்லை. விரல் பட்டு அசையாமல் இருக்க, இரண்டு விநாடி செல்ஃப் டைமரைப் பயன்படுத்துங்கள். ஒரு மாணவர் டார்ச்சைச் சுவரை ஒட்டி, கல்வெட்டின் ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் தள்ளிப் பிடிக்கட்டும். ஒரே படத்தோடு நிறுத்தாமல், இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு பக்கங்களிலிருந்தும் ஒளி தந்து நான்கு படங்கள் எடுங்கள். ஒளி செல்லும் திசையிலேயே ஓடும் கோடுகளுக்கு நிழல் விழாது. இடப்பக்கத்திலிருந்து ஒளி தந்தால் கிடைக்கோடுகள் மங்கிவிடும். மேலிருந்து தந்த ஒளியில் அவை திரும்பி வரும். நான்கையும் அருகருகே வைத்துப் படித்தால், ஒரு படத்தில் விடுபட்ட கீற்று இன்னொன்றில் கிடைத்துவிடும். ஓரத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்புக் கட்டியோ மாவோ எண்ணெயோ தடவும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. உங்கள் மாணவர்களை அதிலிருந்து கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். ஆயிரம் ஆண்டு நின்ற கல்லின் மேற்பரப்பு அதனால் கெட்டுப்போகும்.

இதில் பெரும்பகுதியை உங்கள் கைபேசியாலும் செய்ய முடியும். கல்வெட்டு மட்டுமே உங்கள் நோக்கமாக இருந்திருந்தால், கேமராவே வாங்க வேண்டாம், ட்ரைபாடும் கைபேசியைப் பிடிக்கும் கிளாம்பும் டார்ச்சும் வாங்கிக்கொண்டு மீதியைச் சேமியுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன்.

ட்ரைபாடு வைக்க முடியாத இடத்தில் நிலைமை மாறுகிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களில் ட்ரைபாடு வைப்பதற்கு முன் அனுமதி பெற வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலும் அந்தத் துறையின் கீழ் இருப்பதுதான். அனுமதி இல்லாத நாளில், மண்டபத்தின் அரையிருட்டில், கேமராவைக் கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். அங்கே இரண்டு விஷயங்கள் படத்தைத் தீர்மானிக்கின்றன: கேமராவின் உள்ளே ஒளியைப் பதியும் சென்சார் எவ்வளவு பெரியது, லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் மெகாபிக்சலும் ஜூமும் இந்த இரண்டுக்கும் அடுத்துத்தான் வரும்.

சென்சாரை எண்களில் பார்ப்போம். 40 மடங்கு ஜூம் என்று தம்பி சொல்வது கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். அந்த வகைக் கேமராவின் சென்சார் ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் உடையது; பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். கேனான் 1500டி போன்ற தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆரில் இருப்பது 22.3 மி.மீ. அகலமும் 14.9 மி.மீ. உயரமும் உள்ள சென்சார். பரப்பு 332 சதுர மில்லிமீட்டர். நிக்கான் டி3500இல் இது இன்னும் சற்றுப் பெரியது. காம்பாக்ட் சுமார் 20 மெகாபிக்சலையும் டி.எஸ்.எல்.ஆர். சுமார் 24 மெகாபிக்சலையும் தருவதாகச் சொல்கின்றன. ஆனால் ஒரு பிக்சலுக்கு, அதாவது படத்தின் ஒரு புள்ளிக்கு, கிடைக்கும் இடத்தைக் கணக்கிட்டால், டி.எஸ்.எல்.ஆரின் பிக்சல் மற்றதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு பெரியது. வாசலில் வைத்த அகன்ற அண்டாவும் சின்னச் செம்பும் ஒரே மழையில் சேர்க்கும் நீரின் அளவு வேறுபடுவதுபோல, ஒரே ஒளியில் இரண்டும் சேர்க்கும் தகவலின் அளவு வேறுபடுகிறது.

குறைவாகச் சேர்ந்த ஒளியை மின்னணு முறையில் பெருக்கும்போது படத்தில் மணல் தூவியதுபோல இரைச்சல் தோன்றும். சிறிய சென்சார் கேமரா அதை மறைப்பதற்காகப் படத்தை வழவழப்பாக்கிவிடும். குடும்பப் படத்தில் இது பெரிதாகத் தெரியாது. சோழர் காலக் கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இருக்காது என்பதும், ரகரத்துக்கும் கால்குறிக்கும் வடிவ வேறுபாடு இராது என்பதும் வரலாறு கற்பிக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட எழுத்தில் ஆழமில்லாத ஒரு கீற்றை கேமரா இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிட்டால், வாசிப்பே மாறிவிடும். அதனால்தான் ரா கோப்பாகச் சேமிக்கும் வசதியை நான் வலியுறுத்துகிறேன். ரா கோப்பில் சென்சார் பதிந்த தகவல் திருத்தப்படாமல் இருக்கும். நிழலில் மூழ்கிய பகுதியைப் பிறகு கணினியில் மேலே கொண்டுவந்து பார்க்கலாம். 1500டி, டி3500 இரண்டிலும் இந்த வசதி உண்டு. அவற்றைத் திறப்பதற்கான மென்பொருளை இரு நிறுவனங்களும் இலவசமாகவே தருகின்றன. எஸ்எக்ஸ்740இல் ரா இல்லை, ஜேபெக் மட்டுந்தான்.

அடுத்தது லென்ஸ். டி.எஸ்.எல்.ஆர். வாங்கிய பலர், இருட்டில் படம் கலங்குகிறது என்று மனம் சலித்துப்போவது இந்த இடத்தில்தான். கேமராவோடு வரும் 18–55 கிட் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் அபெர்ச்சர் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. மண்டபத்துக்குள் ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தும் ஷட்டர் 1/15 விநாடிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் மூச்சு விட்டாலே படம் அசையும். அதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால், உள்ளே வரும் ஒளி ஒன்பது மடங்குக்கும் மேல் கூடும். ஷட்டர் 1/150 விநாடியை ஒட்டி ஏறிவிடும். கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் 160 கிராம் எடையுள்ள சிறிய லென்ஸ். அந்த நிறுவனத்தின் மலிவான லென்ஸுகளில் ஒன்று. நிக்கான் வாங்கினால் 35 மி.மீ. எஃப் 1.8ஜி டி.எக்ஸ். லென்ஸ் இதே வேலையைச் செய்யும். கேமராவின் உடலுக்குக் கூடுதலாகச் செலவிடும் பணத்தைவிட இந்த லென்ஸுக்குச் செலவிடும் பணம் உங்கள் படங்களை அதிகம் மாற்றும்.

இப்போது பிள்ளைகள். ஓடுகிற பிள்ளை உங்களுக்காகக் காத்திருக்காது. அதனால்தான் விளையாட்டு விழாவும் ஆண்டு விழாவும் என் முடிவை உறுதிப்படுத்தின. பகல் பதினொரு மணி வெயிலில், காம்பாக்ட் கேமராவின் பின்புறத் திரையில் எதுவும் தெளிவாகத் தெரியாது. எஸ்எக்ஸ்740இல் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் கிடையாது. டி.எஸ்.எல்.ஆரில் கண்ணாடி வழியாக உண்மையான காட்சியையே பார்க்கிறீர்கள். தாமதம் இல்லை, வெயிலால் மங்குவதும் இல்லை. நெற்றியோடு அணைத்துப் பிடிப்பதால் கையும் நிலைப்படுகிறது. அதன் ஃபோகஸ் முறை, வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது, ஓடிவரும் பிள்ளையை விரைவாகப் பிடித்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: இந்தத் தொடக்கநிலை வியூஃபைண்டர்கள் காட்சியில் 95 விழுக்காட்டையே காட்டும். ஓரத்தில் நீங்கள் பார்க்காத ஒரு கொடிக்கம்பம் படத்தில் வந்து நிற்கலாம். முக்கியமான படத்தை எடுத்தவுடன் திரையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாலை ஆண்டு விழாவுக்கு 50 மி.மீ. லென்ஸே துணை. மேடையிலிருந்து 5 மீட்டரில் அமர்ந்தால், படத்தின் அகலத்தில் சுமார் இரண்டேகால் மீட்டர் அடங்கும். நடனமாடும் இரண்டு மூன்று பிள்ளைகளை நெருக்கமாக எடுப்பதற்கு அது சரியான அளவு. முழு மேடையும் வேண்டும் என்றால் 18–55க்கு மாறிக்கொள்ளுங்கள். ஃபோகஸுக்கு நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து வையுங்கள். குறைந்த ஒளியில் இந்தக் கேமராக்களின் மற்ற புள்ளிகளைவிட அது நம்பகமானது. டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிறம் மாறினால், ஷட்டரை 1/100 விநாடியில் நிறுத்திப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால் அத்தகைய விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. 1/100 என்பது ஒரு முழுத் துடிப்பைப் பிடித்துவிடும்.

தம்பியின் வாதத்துக்கு வருகிறேன். 1500டியும் கிட் லென்ஸும் சேர்ந்தால் 675 கிராம் வரும்; அதை வைக்கப் பை வேண்டும். எஸ்எக்ஸ்740 சுமார் 300 கிராம். கைப்பைக்குள் மதிய உணவு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கும். வீட்டிலேயே தங்கிவிடும் கேமராவால் எந்தப் பயனும் இல்லை என்ற அளவில் அவர் சொல்வது முழுக்கச் சரி. கோபுரத்தின் மேல்நிலைச் சுதைச் சிற்பத்தை வெயிலில் எடுப்பதற்கு அந்த 40 மடங்கு ஜூம் உண்மையாகவே உதவும். அந்தத் தொலைவை டி.எஸ்.எல்.ஆரில் எட்டப் பெரிய செலவாகும். தாராசுரத்தில் கருவறைப் புறச்சுவரின் கீழ்ப்பகுதியில் நாயன்மார் வரலாறுகளைச் சொல்லும் சின்னஞ்சிறு சிற்பத் தொகுதிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுபோக, திரை மடங்கும் காம்பாக்ட் என்றால் குனிந்தால் போதும்; 1500டியிலும் டி3500இலும் திரை மடங்காது என்பதால் தரையில் அமர்ந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பிறகும், உங்கள் படங்களில் பெரும்பகுதி அரையிருட்டிலும் அசைவிலும் எடுக்கப்படுவதால், சிறிய சென்சார் காம்பாக்டுக்கு உங்கள் சேமிப்பைச் செலவிடுவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. இருட்டில் அது உங்கள் கைபேசியைவிட நல்ல படம் தரும் என்று நம்பி வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. சோனி 2012இல் ஆர்எக்ஸ்100 என்ற கேமராவில் தொடங்கிய அந்த வகையில், 13.2 மி.மீ. அகலமும் 8.8 மி.மீ. உயரமும் உள்ள 'ஒரு அங்குல' சென்சார் இருக்கும். கேனானின் ஜி7எக்ஸ் வரிசையும் அதே சென்சார் அளவுதான். ரா உண்டு, பலவற்றில் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும், எடை 300 கிராமை ஒட்டியே இருக்கும். 45,000 ரூபாய்க்கு இவற்றில் ஒன்று புதிதாகக் கிடைக்குமானால், பேருந்துப் பயணத்தை எண்ணி உங்கள் தம்பியின் பக்கம் சாய்ந்திருப்பேன். இன்றைய சந்தையில் இவற்றின் புதிய மாடல்கள் உங்கள் தொகைக்குள் அடங்குவது கடினம். பழையதாக வாங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதில் எனக்குத் தயக்கம் உண்டு. காம்பாக்டின் லென்ஸ் ஒவ்வொரு முறையும் மோட்டாரால் வெளியே நீண்டு உள்ளே மடங்குகிறது. பையில் இருக்கும் தூசியும் மணலும் அந்த இடுக்கில் புகுந்தால், ஒருநாள் பாதி நீண்ட நிலையில் நின்றுவிடும். பழுதுபார்க்கும் செலவு கேமராவின் விலையில் பெரும் பங்காகிவிடும். சென்சாரில் தூசி ஒட்டினால் நீங்களாகத் துடைக்கவும் வழியில்லை. பழைய டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸையும் உடலையும் தனித்தனியே சோதிக்கலாம், ஒன்று கெட்டால் மற்றது பிழைக்கும்.

காம்போவை ஏன் வேண்டாம் என்றேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் வரும் இரண்டாவது லென்ஸ் பெரும்பாலும் 55–250 மி.மீ. அல்லது 70–300 மி.மீ.யாக இருக்கும். பகலில், மைதானத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையை எடுக்க அது நல்ல லென்ஸ். மண்டபத்திலும் மேடையிலும் அது கிட் லென்ஸைவிட உதவாது. ஆண்டில் ஒருநாள் வரும் விளையாட்டு விழாவுக்காக அதை வாங்குவதைவிட, ஓட்டம் முடியும் கோட்டருகே நின்று 55 மி.மீ.யில் எடுப்பது மேல். பிள்ளையின் முகத்தில் தெரியும் முனைப்பு அங்கேதான் கிடைக்கும். இலவசம் என்று தரும் ட்ரைபாடைக் கடையிலேயே விரித்து, கேமராவை ஏற்றி, தலைப்பகுதியை விரலால் தட்டிப் பாருங்கள். ஆட்டம் அடங்க நேரமானால் அது கல்வெட்டுக்கு ஆகாது.

கடையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கேனான் 18–55 லென்ஸ் பல பதிப்புகளாக வந்திருக்கிறது. கைநடுக்கத்தை ஈடுசெய்யும் பதிப்பின் பெயரில் 'ஐ.எஸ்.' என்ற எழுத்துகள் இருக்கும், இல்லாத பதிப்பும் சந்தையில் உண்டு. நிக்கானில் அதற்கு 'வி.ஆர்.' என்று பெயர். லென்ஸின் முன் வளையத்தில் பொறித்திருப்பதை நீங்களே படித்துப் பாருங்கள். டி3500 உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதால், அதற்கு வாங்கும் எந்த நிக்கான் லென்ஸும் தனக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏ.எஃப்.-எஸ். அல்லது ஏ.எஃப்.-பி. வகையாக இருக்க வேண்டும். மோட்டார் இல்லாத பழைய டி வகை 50 மி.மீ. லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். பிற்காலத்தில் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து தள்ளிவைத்துப் பயன்படுத்தும் எண்ணம் உங்களுக்கு வரக்கூடும், கல்வெட்டுக்கு அது டார்ச்சைவிட வலுவான கருவி. கேனானின் 3000டி, 200டி மார்க் 2 போன்ற சில உடல்களில், ஃபிளாஷ் பொருத்தும் ஹாட் ஷூவின் நடுவே இருக்க வேண்டிய உலோகப் புள்ளியை நீக்கிவிட்டார்கள். அதனால் தள்ளிவைத்த ஃபிளாஷை இயக்கும் மலிவான பொதுவகை ட்ரிகர்கள் அவற்றில் இயங்காது. எந்த உடலைக் கையில் எடுத்தாலும் அந்த இடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

லென்ஸை மாற்றலாம், ஆனால் உள்ளே கண்ணாடி இல்லை என்ற வகையான மிரர்லெஸ் கேமராவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடைக்காரர் சொல்வார். டி.எஸ்.எல்.ஆர். வகையில் புதிய மாடல்கள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. கேனானும் நிக்கானும் தங்கள் புதிய உழைப்பை மிரர்லெஸ்ஸில்தான் செலுத்துகின்றன. டி3500 உற்பத்தியும் முடிந்துவிட்டது. ஆனாலும் வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். வீணாகிவிடாது. கேனானின் டி.எஸ்.எல்.ஆருக்கான ஈ.எஃப். லென்ஸுகளை, பிற்பாடு அதன் மிரர்லெஸ் உடலில் அடாப்டர் மூலம் அப்படியே பயன்படுத்தலாம். கேனான் ஆர்100, ஆர்50 போன்ற மலிவு மிரர்லெஸ் உடல்கள் எடை குறைந்தவை, நல்லவை. ஆனால் அவற்றோடு வரும் 18–45 லென்ஸின் அபெர்ச்சர் எஃப் 4.5இல் தொடங்கி 6.3இல் முடிகிறது, பழைய 18–55ஐவிட அது ஒளி குறைந்தது. உங்கள் தொகையில் உடலும் அந்த லென்ஸும் மட்டும் வாங்கி நிற்பதைவிட, டி.எஸ்.எல்.ஆரும் எஃப் 1.8 லென்ஸும் வைத்திருப்பது உங்கள் வேலைக்கு நல்லது.

புதிய 1500டி வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கத் தொகை போதாமல் போகலாம். அப்போது முதலில் கேமராவும் ட்ரைபாடும் டார்ச்சும் வாங்கிக்கொண்டு, 50 மி.மீ. லென்ஸை ஆண்டு விழாவுக்கு முன் வாங்குங்கள். பில்லுடன், விற்றவரை நேரில் பார்த்துப் பழையது வாங்கத் துணிந்தால், எல்லாமே தொகைக்குள் அடங்கிவிடும். பழையதைச் சோதிப்பது கடினமல்ல. லென்ஸைக் கழற்றி, அதன் பின்புறத்திலிருந்து டார்ச் அடித்து முன்புறம் பாருங்கள். சிலந்தி இழைபோலக் கிளைத்த கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அபெர்ச்சரை எஃப் 16க்கு வைத்து வெறும் வானத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் உள்ள தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும்; அது துடைத்தால் போகும், அதற்காக மறுக்க வேண்டியதில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். நிக்கான் படக் கோப்பில் அதுவரை ஷட்டர் இயங்கிய எண்ணிக்கையும் பதிவாகியிருக்கும். அதையும் காட்டச் சொல்லுங்கள்.

பூஞ்சை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காவிரிப் படுகையில், ஐப்பசி கார்த்திகை மாத ஈரத்தில், பீரோவுக்குள் துணியோடு பூட்டி வைத்த கேமராதான் முதலில் கெடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி ஒன்றையும் உள்ளே போட்டு, 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்து வந்த நாளில் கேமராவைப் பைக்குள்ளேயே விட்டுவிடாமல், துடைத்து, மின்விசிறிக் காற்றில் சற்று நேரம் வைத்த பிறகு டப்பாவில் வையுங்கள். தினமும் எடுத்துச் செல்லும் துணிப்பைக்குள், மெத்தென்ற தடுப்புகள் கொண்ட சிறிய உள்ளுறை ஒன்றை வைத்தால், தனி கேமராப் பை தூக்கும் தொல்லையும் இல்லை, பேருந்தில் கேமரா இருப்பது பிறர் கண்ணில் படுவதும் இல்லை.

கோயிலுக்குள் எடுப்பதற்கான அனுமதியையும் இப்போதே ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கேமரா என்றால் விட்டுவிடுவார்கள் என்று எண்ணிப் போக வேண்டாம். இந்து சமய அறநிலையத் துறையின் கோயில் என்றால் செயல் அலுவலருக்கும், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது என்றால் அத்துறைக்கும், தலைமை ஆசிரியரின் கையொப்பத்துடன் மன்றத்தின் பெயரில் கடிதம் எழுதுங்கள். எந்தச் சுவர், எந்த மண்டபம், எத்தனை மாணவர்கள், ட்ரைபாடு உண்டா என்பதைக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். கருவறையைப் படமெடுக்க மாட்டோம் என்றும், கல்லின் மேல் எதையும் தடவவோ ஒட்டவோ மாட்டோம் என்றும் அதில் எழுதுங்கள். பெற்ற அனுமதியின் நகல் ஒன்று எப்போதும் கேமராப் பையில் இருக்கட்டும்.